பெயர் இல்லாதவர்கள் வர வேண்டாம்

ஆலையின் பணியாளர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

உங்கள் பிரிவுக்கு இப்போது மனிதவளம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். நாற்காலி அதேதான். இடது கைப்பிடி ஆடும். நான் ஆறு முறை எழுதிக் கொடுத்தும் சரிசெய்யவில்லை, நீங்களும் எழுதிப் பாருங்கள். உங்கள் மேலாளர் போன வாரம் கூப்பிட்டு, "புதுசா வந்தவங்க படிக்கிற மாதிரி உங்க அனுபவத்துல நல்லதா நாலு சம்பவம் எழுதிக் குடுங்க சார்" என்றார். நல்லதாக நாலு என்னிடம் இருக்கிறது. அவற்றையெல்லாம் என் ஓய்வு விழா மேடையில் ஒருவர் விடாமல் சொல்லி மாலையும் போட்டுவிட்டார்கள். அந்த மேடையில் யாரும் வாய் திறக்காத ஒரு சம்பவம் பாக்கி இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கக் கொடுப்பதும் கொடுக்காததும் மேலாளர் பாடு.

நீங்கள் வெளியூர்க்காரர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் முதலில் ஆலையைப் பற்றிக் கொஞ்சம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுக்கிற ஆலை நம்முடையது. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு இறங்கினால்தான் நமக்குப் பிழைப்பு. தை பிறந்ததும் வரத்து ஆரம்பித்து வெயில் முற்றும்வரை லாரிகள் வந்துகொண்டே இருக்கும். மற்ற மாதங்களில் நிரந்தர ஆட்கள் சிலர் மட்டும் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். முக்கால்வாசிப் பேர் சீசனுக்கு வருகிறவர்கள். சின்னசேலம், நைனார்பாளையம் சுற்றுவட்டாரத்துக் கூலிக் குடும்பங்கள். சொந்த நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அவர்களைச் சீசனுக்குக் கூப்பிடுவது ஒரு சின்ன அட்டைச் சீட்டு. பெயர், வேலைப் பகுதி, வர வேண்டிய நாள், நம் கையெழுத்து. அதைத் தபாலில் அனுப்புவதில்லை. வீட்டுக்குப் போய்க் கையில் கொடுப்பதுதான் ஆலை தொடங்கிய நாளிலிருந்து வழக்கம்.

நான் சேர்ந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இந்த மண்ணின் ஆள். ஓட்டை ஸ்கூட்டர், ஒட்டுப்போட்ட கண்ணாடி. அந்த வருஷம் மலையில் மழை தப்பிப்போய் கிழங்கு வரத்து குறைந்தது. சிலருக்குச் சீட்டு இல்லை என்று முடிவானது. சீட்டுக் கட்டை என்னிடம் கொடுத்து, "நீ குடுத்துட்டு வா" என்றார். நானும் போனேன். போன வீடெல்லாம் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் நாட்டுக்கோழி முட்டை அவித்துத் தந்தார்கள். வேலை என்றால் இதல்லவா வேலை என்று வயிறு நிறையத் திரும்பி வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் பச்சைக் கறை. சீட்டு இல்லாத வீடுகளுக்கு அவர் போயிருக்கிறார். ஒரு அம்மா சாணித் தண்ணியை எடுத்து ஊற்றிவிட்டாள்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அதே அம்மா வீட்டுக்குப் போனார். நேற்று அவர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கவில்லையாம். வாசலில் நின்றார். "இந்த தபா உனக்கு சீட்டு இல்லம்மா. வரத்து கம்மி. வரத்து ஜாஸ்தியானா நடு சீசன்ல வந்து கூப்பிடுவேன். இல்லன்னா அடுத்த வருசந்தான்" என்றார். அந்த அம்மா அவரையும் அவர் பரம்பரையையும் ஒரு வழி பண்ணினாள். அவள் மூச்சு வாங்கி நிறுத்துகிறவரை அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார்: "சீட்டு கெடைக்கிறவனுக்கு நீ எதுக்குப்பா? காக்கா தூக்கிக்கினு போயி போட்டாலும் வாங்கிப்பான். சீட்டு இல்லாதவன் வூட்டுக்குத்தான் நாம போவணும். அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும். திட்டு வாங்கறது நம்ம உத்தியோகத்துல பாதி." அதனால் என்ன லாபம் என்று கேட்டேன். "வூட்ல திட்டிட்டான்னா கேட்ல வந்து திட்ட மாட்டான்" என்றார்.

அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நானும் அப்படித்தான் போனேன். எந்த வீட்டு நிலையில் குனிந்து போக வேண்டும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும், யாருக்கு அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் அடையாளம் தெரியும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த மனப்பாடத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டி வரும், மறந்துவிடாதீர்கள்.

ஊரடங்கு முடிந்து உலகமே தட்டுத்தடுமாறி எழுந்துகொண்டிருந்த சமயம். நூலுக்குக் கஞ்சி போட நம் மாவை வாங்குகிற துணி ஆலைகள் பாதி மூடிக் கிடந்தன. போன சீசனில் அரைத்த மாவு மூட்டைகள் குடோன் கூரையைத் தொட்டு நின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போயிருந்த பிள்ளைகளெல்லாம் வேலை போய் ஊர் திரும்பியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சீசன் சீட்டு வந்தால் அதுதான் அந்த வீட்டு அடுப்பு. அப்படிப்பட்ட வருஷத்தில்தான் தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இரண்டு அரைவை வரிசையில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள், ஆட்களில் பாதிப்பேரைக் கூப்பிட்டால் போதும்.

யார் அந்தப் பாதி என்று பட்டியல் போட்டது நான்தான். வயது, விடுப்பு, வேலைப் பகுதி என்று கட்டம் கட்டிப் போட்டேன். அதில் விடுபட்ட ஒருவர் செல்வராசு. நைனார்பாளையத்துக்காரர். மாவுப் பால் தெளிகிற தொட்டிப் பகுதியில் பதினெட்டு சீசன் வேலை செய்தவர். முந்தின வருஷம் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக நீண்ட விடுப்பு எடுத்திருந்தார். கட்டத்தில் அது மட்டும்தான் தெரிந்தது. சீசன் முதல் நாள் காலையில் ஆலை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பது எப்போதும் செல்வராசுதான் என்பதற்கு நான் போட்ட பட்டியலில் கட்டம் இல்லை.

சீட்டு இல்லாத வீடுகளுக்கு எப்போது கிளம்புவது என்று மேலாளரிடம் கேட்டேன். இப்போது இருப்பவர் அல்ல, அப்போது இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். "இந்தக் காலத்துல வீடு வீடாப் போறதா? நாலு பேர் சேர்ந்து உங்களைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டா நான் என்ன பண்றது? போன் குரூப் இருக்குல்ல, அதுல போட்டுடுங்க" என்றார்.

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு வீடுகள், அவ்வளவு வாசல், அவ்வளவு திட்டு. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறவனுக்கு இது தேவையா என்று தோன்றியது. அத்தனை பேர் வீட்டுக்குள் போனால் தொற்று வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். காலைக் காப்பியைக் குடித்துக்கொண்டே தட்டினேன்: "கீழ்க்கண்ட பட்டியலில் உள்ளவர்கள் திங்கட்கிழமை காலை வேலைக்கு வரவும். பெயர் இல்லாதவர்கள் வர வேண்டாம்." அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். காப்பி ஆறக்கூட இல்லை.

செல்வராசுவிடம் இருந்தது பட்டன் போன். அதில் குரூப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இதைப் போய் எப்படி அவரிடம் சொல்வது என்று ஆளுக்கு ஆள் விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ஆலை திறக்கிறது என்பது மட்டும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. சீட்டு வராததைப் பார்த்து, இந்த வருஷம் யாருக்குமே சீட்டு கொடுக்கவில்லை போல, நேராக வரச் சொல்கிறார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, புதுத் துண்டு போட்டு, கையில் பூசணிக்காயோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். வாசலில் காவல்காரர் பட்டியலைப் பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அண்ணே, உம்பேரு இல்லண்ணே" என்றார். பின்னால் வரிசையில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

செல்வராசு வரிசையை விட்டு விலகி, கேட்டை ஒட்டிய தூணடியில் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அறையிலும் அந்த ஜன்னல் இருக்கும், சாலையைப் பார்த்தபடி, கம்பி போட்டு. எழுந்து வெளியே போக இருபது அடி. நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. வரிசையில் நின்றவர்கள்தான் உள்ளே வரவில்லை. முதலில் நகர்ந்தது கிழங்கு உரிக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்த நிர்மலா மேரி. பட்டியலில் முதல் பெயரே அவளுடையது. அவள் போய்ச் செல்வராசு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லோரும் அவளோடு போனார்கள். மதியத்துக்குள் பெயர் இருந்தவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். தொழிற்சங்கத்துக் கொடி அதற்குப் பிறகுதான் வந்தது. வேலைநிறுத்தத்தைச் சங்கம் தூண்டிவிட்டது என்று பின்னாளில் அறிக்கையில் எழுதினோம். கொடி எத்தனை மணிக்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் யாரோ எறிந்த கல்லில் அலுவலகக் கண்ணாடி ஒன்று உடைந்தது. ஊர் திரும்பியிருந்த இளவட்டங்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரை எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் காலையில் மலையிலிருந்து கிழங்கு லாரிகள் இறங்கின.

அவை வந்திருக்கக் கூடாது. கொள்முதல் பிரிவு முந்தின வாரமே மலைக்காரர்களுக்குப் பிடுங்கச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்திருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதும், இப்போது பிடுங்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாம் பயந்துவிட்டதாக ஆகிவிடும் என்றார் மேலாளர். மரவள்ளியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் இருக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள். அதற்குள் அரைக்காவிட்டால் உள்ளே நரம்பு நரம்பாகக் கறுத்துவிடும், பிறகு ஒன்றுக்கும் உதவாது.

முதல் லாரியில் வந்தவர் கோவிந்தன். மலையில் ஒரு துண்டு நிலம், வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. அவர் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு கிழங்கு. அதை ஒடித்துக் காட்டினார். நடுவில் இப்போதுதான் கறுப்பு ஓடத் தொடங்கியிருந்தது.

"பாருங்க சார். பத்து மாசம் மண்ணுல காவந்து பண்ணது. நீங்க சொல்லித்தான புடுங்கினோம்? எங்க சண்டையா இது? யாராவது ஒருத்தர் பேசி முடிங்க சார்."

"பேசிக்கினு இருக்கோம்ப்பா" என்றேன். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அவர் நகர்ந்ததும் நிர்மலா மேரி அதே கம்பிக்கு வந்தாள். மூன்று நாள் வெயிலில் முகம் காய்ந்திருந்தது.

"சார், மலைக்காரங்க வயித்துல அடிக்கிறதுக்கு நாங்க வரல. லாரிய உள்ள வுடறோம். வந்த கெழங்கு அத்தினியும் நாங்களே உரிச்சி அரைச்சிக் குடுக்கறோம், அப்பறம் வந்து மறுபடியும் உக்காந்துக்கறோம். ஒண்ணே ஒண்ணுதான். நீங்க வெளிய வாங்க. செல்வராசு அண்ணன் முன்னாடி வந்து நின்னு, ஏன் அவருக்கு வேல இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க. எங்க வூட்டுக்கெல்லாம் வந்து சொன்னவர்தான நீங்க? எங்கம்மா சாணிய கரைச்சி ஊத்தினப்பகூட மறுநாள் வந்தவர்தான உங்க பெரிய ஆபீசரு? இப்ப இன்னா சார் வந்துச்சி உங்களுக்கு?"

அவள் யார் மகள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருஷமாக அந்த அம்மா வீட்டுக்கும் போயிருக்கிறேன், மேரி கட்டிக்கொண்டு போன வீட்டுக்கும் போயிருக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அவள் கேட்டது அவ்வளவுதான். பட்டியலைக் கிழி என்று கேட்கவில்லை. இருபது அடி நடந்து வந்து ஒரு வாக்கியம் சொல் என்று கேட்டாள். நான் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையை விட்டு எழவில்லை. "ஆபீசர் கேட்டுக்கு வெளியே போய் நின்னா நிர்வாகம் பணிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். போலீஸ் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பியாச்சு. வந்ததும் கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விடுங்க. நீங்க எங்கேயும் போகக் கூடாது" என்றார். "சரிங்க சார்" என்றேன். உங்கள் வேலையில் இந்த வார்த்தையை ஆயிரம் தடவை சொல்வீர்கள். அதில் ஒன்றிரண்டு தடவையாவது சொல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

ஒரு மணி நேரம் போல ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். மேரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கோப்பு ஒன்றைப் புரட்டினேன். பதினோரு மணிக்கு மேலாளர் உள்தொலைபேசியில் கூப்பிட்டார்: "வந்துட்டாங்க, திறக்கச் சொல்லுங்க." போலீஸ் வந்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் ஒரு காக்கிச் சட்டையும் இல்லை என்று தெரிந்திருக்கும். அவர்கள் ஊர் எல்லைக்குத்தான் வந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. காவல்காரருக்குப் போன் போட்டு, "தொற" என்றேன். என் வாழ்க்கையில் நான் பிறப்பித்த மிகச் சின்ன உத்தரவு அது.

அந்தக் கேட் தண்டவாளத்தில் நகருகிற பெரிய இரும்புக் கேட். பாதி திறந்ததும் முதல் லாரி உறுமியது. பெண்கள் எழுந்து குறுக்கே நின்றார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு கூச்சல் எழுந்தது. லாரியிலிருந்து குதித்த மலைக்காரர்கள் பெண்களை விலக்கப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் ஒரு கிழங்கை எடுத்து எறிந்தான். முழங்கை நீளக் கிழங்கு, கல்லைவிடக் குறைச்சல் இல்லை. அது ஒருத்தி நெற்றியில் பட்டது. பிறகு கல், கிழங்கு, கழி, கையில் கிடைத்ததெல்லாம். உள்ளேயிருந்து காவல்காரர்கள் தடியோடு ஓடினார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்ட சில பேர் மதில் ஏறிக் குதித்து, மேலாளரின் காருக்கும் சாக்குக் கொட்டகைக்கும் தீ வைத்தார்கள். கூலிக்காரனும் மலைக்காரனும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒருவேளை சாப்பிட்டால் மறுவேளைக்கு இல்லாதவர்கள்.

கூட்டம் இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளியதில் கேட் தண்டவாளத்தை விட்டு எகிறியது. தூண் பக்கமாகச் சாய்ந்தது. செல்வராசு மூன்று நாளாக உட்கார்ந்தே இருந்தவர், எழ முடியவில்லை. வலது காலின் மேல் முழுக் கேட்டும் விழுந்தது. மடியில் வைத்திருந்த பூசணிக்காயும் அதன் அடியில் நசுங்கியது.

அவர் போட்ட சத்தத்தில் சண்டை நின்றது. நான் கண்ணால் பார்த்தேன். மேரிதான் முதலில் ஓடி வந்து கேட்டில் கை வைத்தாள். அடுத்து கோவிந்தன், தலையிலிருந்து ரத்தம் வழிய வழியத் தோளைக் கொடுத்தார். சற்றுமுன் கட்டிப்புரண்டவர்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, "தம் புடி, தம் புடி" என்று கத்திக்கொண்டு அந்தக் கேட்டைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். கோவிந்தனின் கிழங்கு லாரியில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கிழங்கு வழியெல்லாம் சிந்தி, மிச்சம் ஆஸ்பத்திரி வாசலில் கறுத்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். உலகத்தில் எத்தனையோ விபத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் போலீஸ்காரர்கள் விசாரணைக்கு வந்தார்கள். வாசல் கேமராவில் பதிவான படத்தைத் திரையில் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கல் எறிந்தவர்கள் புழுதியில் தெரியவில்லை. தீ வைத்தவர்கள் முகத்தை மூடியிருந்தார்கள். பளிச்சென்று தெரிந்தது ஒரே ஒரு காட்சிதான்: சாய்ந்து கிடக்கும் கேட், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எட்டுப் பத்து முகங்கள். மறைக்க வேண்டிய வேலை எதையும் அவர்கள் செய்யவில்லை, அதனால் முகத்தை மறைக்கவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்கள். படத்துக்குச் சத்தம் கிடையாது. "கேட்டைப் பிடிச்சிருக்கிறது யார் யாரு? பேர் சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன். பெயர், அப்பா பெயர், ஊர், தெரு. கோவில் தாண்டி மூன்றாவது வீடு என்பதுவரை சொன்னேன். இருபது வருஷமாக வாசல் வாசலாகப் போய் நின்று சேர்த்த மனப்பாடம் அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஒப்பிக்கப்பட்டது. "இவ்வளவு சுத்தமா யாரும் சொன்னதில்ல சார்" என்று ஒருவர் பாராட்டினார். கேட்டை அவர்கள் சாய்க்கவில்லை, தூக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

மேரி, கோவிந்தன், இன்னும் அந்தப் படத்தில் இருந்த எல்லோர் மேலும் கலவரம், சொத்துச் சேதம் என்று வழக்கு. அந்த ஊர்களில் பல வீடுகளில் ஆண்கள் வாரக்கணக்கில் தலைமறைவாகத் திரிந்தார்கள். ஆலை ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தது. உரிக்கும் பெண்களுக்குப் பதிலாக இயந்திரம் வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவிந்தன் மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டுக்கு வருகிறார். மேரி அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறாள். அவர்களுக்கு எதிரான சாட்சிகளில் முக்கியமானவன் நான்.

ஓய்வு பெற்ற மறு வாரம் நைனார்பாளையத்துக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. செல்வராசு வீட்டுக்கு வழி கேட்கத் தேவையில்லை. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சாணித் தண்ணிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஊற்றட்டும் என்றுதான் இருந்தது. அவள் சொம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னா சார் இவ்ளோ தூரம்?" என்றார் செல்வராசு.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். நிலைமை, தலைமையிடத்து உத்தரவு, என் கையில் என்ன இருந்தது என்றெல்லாம். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதுதான் வந்தது.

"செல்வராசு, இந்த சீசனுக்கு உனக்கு சீட்டு இல்லப்பா. மாவு விக்கல, ஒரு வரிசைதான் ஓட்டறோம். நீ போன வருசம் லீவு ஜாஸ்தி போட்டிருந்த, அதனால உன் பேர நான்தான் எடுத்தேன். அது தப்பு. என்னை மன்னிச்சிடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"இவ்ளோதான சார்? இத அன்னிக்கி நீ சொல்லியிருந்தா, ஒரு கெட்ட வார்த்தை வுட்டுட்டு, பூசணிக்காய ஒடைச்சி கொழம்பு வெச்சிட்டு, கரும்பு வெட்டப் போயிருப்பேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "என் காலு போனது போவட்டும் சார். என்ன தூக்கினவங்க இருக்காங்க பாரு, அந்தப் பொண்ணும் அந்த மலைக்காரரும், அவங்க கோர்ட்டுக்கு நடக்கறாங்க. அத நெனைச்சாதான் எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

"அடுத்த வாய்தாவுல என்னைக் கூப்பிடுறாங்க. அவங்க கேட்டைத் தூக்கத்தான் கை வெச்சாங்கன்னு சொல்லிடறேன்."

சொன்னதும் பயம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று குறுக்குக் கேள்வி வரும். ஆலைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் ஓய்வு விழாவில் மாலை போட்டவர்கள் முதலில் திருப்பிக்கொள்வார்கள். வரட்டும், திருப்பட்டும். இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது அந்த வாய்தா முடிந்திருக்கும்.

கிளம்பும்போது செல்வராசு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பஸ் வந்து நான் படியில் கால் வைத்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்றேன்னு சொல்லிட்ட. சந்தோசம். ஆனா இந்த தபாவும் குரூப்புல போட்டுட்டு வூட்ல உக்காந்துக்காத சார். நேர்ல வந்து நின்னு சொல்லு."